மண் ஏமாற்றவில்லை

மண்ணும் மரமும்: மாதப் பகுதி



இந்தத் திங்கள் வந்த கடிதங்களில் ஒன்று என் மேசை மீது இரண்டு வாரமாகக் கிடந்தது. பதில் தெரியாமல் அல்ல. ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு அதில் அடங்கியிருந்தது. அதனால் அவசரப்பட்டு நாலு வரி எழுதிப் போட மனம் வரவில்லை.

கடிதம் எழுதியவர் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு சகோதரி. அவர் எழுதியது இதுதான்:

"ஐயா, என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றுவிட்டார். சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. தோட்டத்து வீட்டையும் சீக்கிரம் காலி செய்ய வேண்டும். மலையடிவாரத்தில் காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் நிலம் விலைக்கு வருகிறது. பாதி நிலத்தில் இன்னும் பெரிய பெரிய மரங்கள் நிற்கின்றன. 'காட்டு மண் அம்மா, நூறு வருஷத்து இலை மக்கிய மண். வெட்டிக் கொளுத்திவிட்டு எதை நட்டாலும் பிய்த்துக்கொண்டு வரும். உரச் செலவே கிடையாது' என்று தரகர் சொல்கிறார். அவரும் என் மகனும் நம்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. காட்டு மண் அவ்வளவு வளமானதா?"

சகோதரி, உங்கள் மனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லுமுன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1960-களின் தொடக்கம். நான் அரைக்கால் சட்டை போட்ட பையன். என் தகப்பனார் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் சக தொழிலாளர் மூவரும் சேர்ந்து, தோட்டத்துக்கு அப்பால் ஒரு சரிவில் கொஞ்சம் காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரட்டு முடிந்த மாலைகளிலும் போய் மரங்களைச் சாய்த்தார்கள். காய்ந்ததும் கொளுத்தினார்கள். மூன்று நாள் புகைந்தது. சாம்பல் மீது சோளமும் நிலக்கடலையும் பயற்றங்காயும் மரவள்ளியும் நட்டார்கள்.

முதல் வருஷ விளைச்சலை லயத்தில் ஒரு கதையாகவே பேசினார்கள். சோளக்கதிர் முழ நீளம்! என் அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் முறத்தில் வைத்துக் கொடுத்தனுப்பினார். இரண்டாம் வருஷம் விளைச்சல் பாதியானது. மூன்றாம் வருஷம் சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. கடலைச் செடியைப் பிடுங்கினால் வெறும் பொக்கு. மரவள்ளி மட்டும் தாக்குப் பிடித்தது, அதுவும் விரல் பருமன் கிழங்கோடு. நான்காம் வருஷம் அந்தச் சரிவு முழுவதும் லாலாங் புல். கீழே ஓடிய சிற்றாறு ஒவ்வொரு மழைக்கும் தேநீர் நிறத்தில் கலங்கி ஓடியது.

"மண்ணு நம்மள ஏமாத்திடுச்சுடா" என்றார் அப்பா. போட்ட பணமும் நான்கு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. அந்தச் சொல்லை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. மண் அவரை ஏமாற்றவில்லை. அது முதலிலிருந்தே ஏழை மண். அதன்மேல் இருந்த காடுதான் பணக்காரக் காடு. அந்தப் பணத்தை நாங்களே தீ வைத்துக் கொளுத்திவிட்டோம்.

மண் எப்படிப் புளிக்கிறது?

நம் நாட்டுக் காட்டு மண்ணைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது புளித்த மண் என்பது. அறிவியலார் இதை அமில மண் என்கிறார்கள். புளிப்பை அளக்க பி.எச். என்ற ஓர் அளவு உண்டு. 7 என்றால் நடுநிலை. அதற்கு மேலே போனால் சுண்ணாம்புத் தன்மை, கீழே வந்தால் புளிப்பு. ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு.

நம் தாழ்நிலக் காடுகளின் மண் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கிறது. தாய்மார்களுக்குப் புரியும்படி சொன்னால், நீங்கள் வீட்டில் உறை ஊற்றும் தயிரின் அளவும் ஏறக்குறைய இதேதான்.

இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? காரணம் மழைதான். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதாவது பெய்ததெல்லாம் அப்படியே தேங்கினால், உயரமான ஆளையும் மூழ்கடித்துவிடும். இப்படி ஓரிரு ஆண்டு அல்ல, லட்சக்கணக்கான ஆண்டுகள். காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைவதால் அதுவே சற்றுப் புளிப்பானது. அழுகும் இலையும் வேர்களும் மேலும் அமிலத்தைச் சேர்க்கின்றன. இந்த நீர் மண்ணைக் கழுவிக் கழுவி, பயிருக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்றவற்றைக் கரைத்து ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அரிசியை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவினால் சத்தெல்லாம் போய்விடுவதில்லையா, அதுபோலத்தான்.

கழுவினாலும் போகாமல் மிஞ்சுபவை இரண்டு: இரும்பும் அலுமினியமும். நம் மண் சிவந்தும் மஞ்சளாயும் இருப்பது இரும்பினால். அலுமினியம் கண்ணுக்குத் தெரியாத வம்பன். மண்ணின் அளவு 5-க்குக் கீழே போகும்போது அது கரைந்து வெளியே வருகிறது. வந்ததும் இளம் வேரின் நுனியைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. சோளம், பயறு போன்றவை இதற்குப் பலியாகின்றன. மரவள்ளி ஓரளவு தாங்கும். போதாததற்கு, இரும்பும் அலுமினியமும் சேர்ந்து மண்ணிலுள்ள பாஸ்பரஸ் சத்தையும் பூட்டி வைத்துக்கொள்கின்றன. சத்து மண்ணில் இருக்கும், ஆனால் செடியின் வாய்க்கு எட்டாது.

அப்பாவின் முதல் வருஷச் சோளத்துக்குக் காரணம் இப்போது விளங்கும். மரத்தின் உடம்பில் நூறாண்டாகச் சேர்ந்த பொட்டாசியமும் கால்சியமும் சாம்பலாகித் தரைக்கு வந்தன. சாம்பல் சுண்ணாம்பைப் போலப் புளிப்பையும் தணித்தது. ஆனால் அது ஒரே தவணைப் பணம். ஒரு பகுதியைக் கதிர்களோடு நாங்கள் எடுத்துக்கொண்டோம். மற்றதை மழை எடுத்துக்கொண்டது. பிறகு மண் தன் பழைய புளிப்புக்கே திரும்பிவிட்டது.

செல்வம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் இந்த ஏழை மண்ணில் மெராந்தியும் கெருயிங்கும் செங்கால் மரமும் நூற்றைம்பது அடி உயரத்துக்கு எப்படி நிற்கின்றன? நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காடு இருக்கிறது. 1980-களில் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, சுண்டுவிரல் பருமன் உள்ள கன்று முதல் பெரிய மரம் வரை ஒவ்வொன்றையும் எண்ணிப் பெயர் குறித்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள்! அத்தனையும் புளித்த மண்ணில் நிற்பவை.

இந்த இரகசியத்தை நீங்களே பார்க்கலாம். காட்டு ஓரத்திற்குப் போனால் கீழே குனிந்து இலைகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். மேலே அண்மையில் உதிர்ந்த இலை. அதற்குக் கீழே பாதி மக்கிய இலை. அதில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும். அதற்கும் கீழே, தலைமுடி போல மெல்லிய வேர்கள் பின்னிக் கிடக்கும் கறுத்த மண். அந்தக் கறுப்பு எத்தனை ஆழம் என்று விரலால் அளந்து பாருங்கள். பல இடங்களில் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அதற்குக் கீழே மஞ்சள் களிமண்தான்.

அந்த ஒரு விரல் அளவுதான் காட்டின் அடுப்படி. விழும் இலையைக் கறையானும் புழுவும் பூஞ்சையும் உடைத்துப் போடுகின்றன. சத்து வெளிவந்ததும், மழை அதைத் தொடுமுன் வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. இங்கே காசு பெட்டியில் தங்குவதே இல்லை. கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள நம் காட்டில் பெரும்பாலான இலைகள் ஓராண்டு முடிவதற்குள் மக்கி மறுபடி மரத்துக்குள் ஏறிவிடுகின்றன. பெரிய மரங்களின் பலகை வேர்கள் பக்கவாட்டில் நீண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சத்தைத் தேடும் மெல்லிய வேர்களும் அப்படி மேல்மண்ணிலேயே பரவுகின்றன. ஆழத்தில் அவற்றுக்குச் சாப்பாடு குறைவு.

அந்த வெள்ளை நூல்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மெராந்தி, கெருயிங், கப்பூர், செங்கால் ஆகியவை ஒரே குடும்பத்து மரங்கள். இவற்றின் வேர் நுனியில் ஒருவகைப் பூஞ்சை உறை போலப் போர்த்திக்கொண்டு வாழ்கிறது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. பூஞ்சை, வேர் எட்டாத தூரத்துக்கெல்லாம் நூலை அனுப்பிப் பாஸ்பரஸைக் கொண்டுவந்து தருகிறது. விதை முளைத்ததும் பக்கத்தில் நிற்கும் மரங்களின் வேரிலிருந்து இந்தப் பூஞ்சை கன்றின் வேருக்கும் தொற்றிக்கொள்கிறது. பக்கத்தில் பழைய மரமே இல்லாத வெட்டவெளியில் மெராந்திக் கன்று திணறுவதற்கு வெயில் ஒரு காரணம், இந்த உறவு அறுந்துபோவது மற்றொரு காரணம்.

புளிப்பைக் காட்டும் செடிகள்

மண் புளித்ததா என்று அறியக் கருவிதான் வேண்டும் என்பதில்லை. செடிகளே சொல்லும். வெட்டிவிட்ட சரிவுகளில் ஊதாப் பூப் பூக்கும் செண்டுடுக் செடி உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? மற்றச் செடிகளை வாட்டும் அலுமினியத்தைத் தன் இலையில் சேமித்துக்கொண்டு செழித்து வளர்வது அது. சாலையோரச் சரிவுகளில் மெத்தை போலப் படரும் ரேசாம் என்ற பெரணியும் புளித்த மண்ணைத் தேடி வருவதுதான்.

கேமரன் மலைக்குப் போனவர்கள் அங்கே வேலியோரங்களில் நீலக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவைப் பார்த்திருப்பீர்கள். அதே செடியைச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வைத்தால் பூ இளஞ்சிவப்பாகிவிடும். புளித்த மண்ணில் கரையும் அலுமினியம்தான் அந்த நீலத்தைத் தருகிறது. அந்த மலையில் தேயிலை நன்றாக வருவதும் மண்ணின் புளிப்பு அதற்குப் பிடித்திருப்பதால்தான். ஆகவே புளிப்பு என்பது நோயல்ல. அது அந்த மண்ணின் குணம். அதற்கேற்ற மரம் எது என்று தெரிந்துகொள்ளாததுதான் நம் குறை.

சரவாக்கின் இபான் மக்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். வெண்மணல் மீது குட்டையாக வளரும் ஒருவகைக் காட்டை அவர்கள் 'கெராங்காஸ்' என்று அழைக்கிறார்கள். வெட்டினால் நெல் விளையாத நிலம் என்பது அதன் பொருள். அங்கே ஓடைத் தண்ணீர் பால் ஊற்றாத தேநீரைப் போலிருக்கும். மண்ணில் சத்துப் போதாமல், பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடிகள் அங்கே மிகுதி. 1957-இல் தேசியப் பூங்காவான பாக்கோவில் அந்தக் காட்டைப் பார்க்கலாம். எந்தக் காட்டை வெட்டக் கூடாது என்பதை ஒரே சொல்லில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

தோட்டம் காட்டிடம் கற்ற பாடம்

நம் மூத்த தலைமுறை இதை வேறு வழியில், தன் முதுகெலும்பால் கற்றுக்கொண்டது. ரப்பர் நட்ட தொடக்க காலத்தில், தோட்டம் என்றால் ஒரு புல்கூட இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும் என்பது துரைமார்களின் எண்ணம். நம் தாத்தா பாட்டிமார் மண்வெட்டியோடு வரிசையாக நின்று தரையைச் சுரண்டினார்கள். விளைவு? மூடுதுணி இல்லாத மண்ணை மழை வாரிக்கொண்டு போயிற்று. மேல்மண் ஆற்றுக்குப் போய், மரத்தின் வேர் வெளியே தெரிந்தது.

பிறகு கண் திறந்தது. 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தரையை மூடி வைக்கும் வழிகளை ஆராய்ந்தது. அதில் பணியாற்றிய ஹெய்ன்ஸ் என்ற மண்ணியல் அறிஞர், ரப்பர் மரத்தின் கீழே தானாக வளரும் செடிகளைப் பயன்படுத்துவது பற்றி 1934-இல் ஒரு நூலே எழுதினார். பியூராரியா, சென்ட்ரோசிமா, கலபகோனியம் போன்ற மூடுகொடிகள் வந்தன. இவை அவரை இனம். வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருபவை. இலையுதிர்த்துத் தரைக்குப் பாய் விரிப்பவை. ரப்பரும் புளித்த மண்ணுக்குப் பழகிய அமேசான் காட்டு மரம்தான்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாஸ்பேட் கல்தூளைத் தோட்டங்களில் போட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கல் நடுநிலை மண்ணில் எளிதில் கரையாது. நம் மண்ணின் புளிப்புதான் அதை மெல்ல மெல்லக் கரைத்து மரத்துக்கு ஊட்டியது. எதிரி என்று நினைத்த புளிப்பு அங்கே வேலைக்காரனாகிவிட்டது.

காட்டைப் பேணுவது தரையைப் பேணுவதே

காட்டு இலாகாவும் காலப்போக்கில் இதே பாடத்தைத்தான் படித்தது. 1948 முதல் தாழ்நிலக் காடுகளில் முதிர்ந்த மரங்களை ஒரே முறையில் வெட்டிவிட்டு, கீழே காத்திருக்கும் கன்றுகள் ஒரே சீராக வளர்வதற்கு வழிவிடும் முறை இருந்தது. பின்னர் சமவெளிக் காடுகள் ரப்பராகவும் செம்பனையாகவும் மாற, மரவெட்டு மலைச்சரிவுகளுக்கு ஏறியது. அங்கே கன்றுகள் எல்லா இடத்திலும் சீராக இல்லை. தரை செங்குத்து. ஒரேயடியாக வெட்டினால் மேல்மண் தங்காது. ஆகவே 1978 முதல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை வந்தது. மெராந்திக் குடும்பத்து மரம் குறைந்தது 50 சென்டிமீட்டர் குறுக்களவு, செங்கால் மரமாயின் 60 சென்டிமீட்டர் இருந்தால்தான் கோடரி. மற்றவை நிற்க வேண்டும். மறுபடி வெட்டச் சுமார் 30 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் எந்த மரத்தை வெட்டுகிறோம் என்பது பாதிதான். வெட்டிய மரத்தை எப்படி வெளியே இழுக்கிறோம் என்பதே மீதிப் பாதி. டிராக்டர் சங்கிலி பூட்டி இழுக்கும் தடத்தில், நான் சொன்ன அந்த ஒரு விரல் கறுப்பு மண் வழிக்கப்பட்டுவிடுகிறது. கீழேயுள்ள களிமண் செங்கல் போல இறுகுகிறது. தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, மேலேயே ஓடிப் பள்ளம் பறிக்கிறது. சுற்றிலும் காடு தழைத்த பிறகும், பல ஆண்டுகளுக்கு அந்தத் தடங்கள் வடு போலக் கிடக்கின்றன. அதனால்தான் அக்கறையுள்ள காட்டு நிர்வாகத்தில் இழுவைத் தடங்களை முன்கூட்டியே திட்டமிட்டுக் குறைக்கிறார்கள். ஆற்றோரத்தில் இருபுறமும் மரங்களை விட்டுவைக்கிறார்கள். செங்குத்துச் சரிவில் எந்திரத்தை ஏற்றுவதில்லை.

சதுப்புக் காட்டின் கரிமண் இன்னும் புளிப்பு. அளவு 4-க்கும் கீழே போகும். அங்கே மண் என்பதே நீரில் ஊறி மக்காமல் கிடக்கும் மரமும் வேரும்தான். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அது உலர்ந்து அமிழ்கிறது, ஒரு பொறி பட்டால் தரையே எரிகிறது. 1997-இல் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்தோமே, அந்தப் புகைமூட்டத்தில் பெரும்பகுதி இந்தோனேசியாவில் இப்படி எரிந்த கரிமண்ணிலிருந்து வந்ததுதான். வட சிலாங்கூரின் ராஜா மூசா காட்டில் 2008 முதல் பழைய கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரக்கன்று நட்டு வருகிறார்கள். அங்கே காட்டைக் காப்பது என்றால் நீரைக் காப்பது.

கெட்ட மண்ணை மறுபடி காடாக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் பொறுமை வேண்டும். கெப்போங்கில் உள்ள காட்டு ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1926-இல் இடம் தேர்ந்தெடுத்தவர் பாக்ஸ்வர்த்தி என்ற அதிகாரி. ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறிப் பாத்திகளும் லாலாங்கும் நிறைந்த இடம் அது. அங்கே நம் நாட்டு மரங்களை நட்டு, பத்தாண்டு பத்தாண்டாகப் பேணினார்கள். உதிர்ந்த இலைகளே தரைக்குப் போர்வையாயின. இன்று உள்ளே போகிறவர் அது மனிதன் நட்ட காடு என்று சொன்னால் நம்பமாட்டார். 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பிள்ளைகளோடு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆனால் ஒன்று: நம் காட்டைக் கெடுக்க மூன்று வருஷம் போதுமாயிருந்தது. அங்கே ஆக்குவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் தேவைப்பட்டது.

சகோதரிக்கு என் யோசனை

இனி உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன், சகோதரி.

முதலாவது, முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் பட்டாவைப் பாருங்கள். காட்டை ஒட்டிய நிலத்தில் எல்லை குழம்பும். வனக் காப்பு எல்லைக்குள் ஒரு மரத்தைத் தொட்டாலும் குற்றம்.

இரண்டாவது, நிலத்தில் நாலைந்து இடங்களில் மண் எடுத்து விவசாய இலாகாவில் சோதிக்கக் கொடுங்கள். தரகர் வாய்ச்சொல்லைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். மேல்மண்ணைத் தனியாகவும் ஒரு முழ ஆழத்து மண்ணைத் தனியாகவும் கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்குக் கதையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, வாங்குவதாக முடிவு செய்தால் மேல் சரிவிலும் ஓடைக் கரையிலும் நிற்கும் மரங்களைத் தொடாதீர்கள். அவை சும்மா நிற்கவில்லை. உங்கள் கீழ் நிலத்துக்கு இலையுரமும் தண்ணீரும் தருபவை. வெட்டவெளியாக உள்ள பகுதியில் மட்டும் பயிர் வையுங்கள்.

நான்காவது, தீ வேண்டவே வேண்டாம். களைந்த செடி கொடிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கிடத்தி மக்கவிடுங்கள். புல்டோசர்காரர் 'ஒரே நாளில் சுத்தமாக வழித்துத் தருகிறேன்' என்பார். அவர் வழித்துத் தருவது உங்கள் முதலைத்தான். அவருக்குக் கூலியும் கொடுத்து மேல்மண்ணையும் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, மண்ணுக்கேற்ற பயிர். பெத்தாய், ரம்புத்தான் போன்றவை இந்த நாட்டுக் காட்டிலிருந்து வந்த மரங்கள். ஓரளவு புளிப்பைத் தாங்கும். அன்னாசிக்குப் புளித்த மண் பிடிக்கும். பொந்தியான் வட்டாரத்தில் கரிமண்ணிலேயே விளைகிறது. மரங்களுக்கு இடையில் மூடுகொடியை விடுங்கள். காய்கறி வேண்டுமானால் வீட்டருகே நாலு பாத்தி போட்டு, அதற்கு மட்டும் சோதனைத் தாள் சொல்லும் அளவில் சுண்ணாம்புத் தூளும், கோழி எருவும் சேருங்கள். நிறையப் போட்டால் நிறைய விளையும் என்று சுண்ணாம்பைக் கொட்டிவிடக் கூடாது. மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளுத்துவிடும்.

ஆறாவது, உரச் செலவே இல்லை என்ற கணக்கை அடியோடு மறந்துவிடுங்கள். உரம், கன்று, வேலி எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய பிறகும் கையில் காசு மிஞ்சுமா என்று பாருங்கள். பழமரம் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு வழி இருக்க வேண்டும். சேமநிதி முழுவதையும் நிலத்தில் போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. முதலில் தலைக்கு மேல் ஒரு கூரை. அதன் பிறகுதான் காலுக்குக் கீழே நிலம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். முப்பத்திரண்டு ஆண்டு தோட்டத்து மண்ணை மிதித்தவர் அவர். மூடுகொடி எதற்கு, மட்டையை ஏன் நிரையில் அடுக்குகிறோம் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தரகரின் பேச்சு அதைச் சற்று மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். மகனையும் அழைத்துக்கொண்டு, மூவருமாக அந்தக் காட்டோரம் போய் இலையை விலக்கிக் கறுப்பு மண்ணை விரலால் அளந்து பாருங்கள். பிறகு கூடி முடிவு செய்யுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய சரிவுக்குப் போயிருந்தேன். லாலாங் குறைந்து, செண்டுடுக்கும் ரேசாமும் வந்து, அவற்றின் நிழலில் மகாங் மரங்கள் எழுந்து நிற்கின்றன. கையால் கிளறிப் பார்த்தேன். நகக்கண் அளவு கறுப்பு மண் சேர்ந்திருக்கிறது. மண் தன் வேலையை மறுபடி தொடங்கிவிட்டது. அதைப் பார்க்க அப்பா இல்லை. இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "மண்ணு நம்மள ஏமாத்தலப்பா" என்று சொல்லியிருப்பேன்.

வேறு வாசகர்களுக்கும் நிலம், மரம், மண் பற்றி ஐயம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த திங்கள், பூந்தொட்டிக்குக் காட்டு மண் அள்ளி வரலாமா என்று கேட்ட கோலாலம்பூர் வாசகிக்குப் பதில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒரே வார்த்தை: அள்ளாதீர்கள், அம்மா. அந்த ஒரு விரல் மண் காட்டுக்கே போதாது.